படைவீரரின் அனுபவத்தைச் சொல்லும் கவிதை: மொழியையும் கட்டமைப்பையும் ஆராய்வதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டையில் நான் நடத்தும் மாலை வகுப்புக்கு வருபவர்கள் பெரும்பாலும் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவர்கள். போரைப் பற்றிய கவிதை ஒன்றைக் கொடுத்து ஆராயச் சொன்னால், அவர்களில் பலர் முதல் வரியாக "போரின் கொடுமையைக் கவிஞர் உருக்கமாகப் படம்பிடித்துக் காட்டுகிறார்" என்று எழுதுகிறார்கள். அந்த வாக்கியத்தில் பிழை இல்லை. ஆனால் கவிதையைப் படிக்காமலேயே அதை எழுதிவிட முடியும் என்பதால், அது ஆராய்ச்சி ஆகாது. குறிப்பிட்ட இந்தக் கவிதை, குறிப்பிட்ட இந்தச் சொற்களால், இந்த வரிசையில், எதைச் செய்கிறது என்று காட்டுவதே நம் வேலை.

படைவீரரின் அனுபவத்தைப் பேசும் கவிதைகளில் நான் முதலில் தேடச் சொல்வது வினைமுற்றை. உவமையும் அணியும் அதற்குப் பிறகுதான். தமிழில் வினைமுற்றின் விகுதியே செய்தவர் யார் என்பதைச் சொல்லிவிடுகிறது. "சுட்டேன்" என்ற ஒரு சொல்லுக்குள் "நான்" இருக்கிறது. எனவே, தான் செய்ததைச் சொல்லவும் வேண்டும், சொல்லவும் முடியவில்லை என்ற நிலையில் இருக்கும் ஒருவர், தமிழில் பேசும்போது தம் வினைமுற்றுகளை மாற்றிக்கொண்டே ஆக வேண்டும். அந்த மாற்றத்தைக் கண்டுகொண்டால் கவிதையின் உள்ளே நுழைவதற்கு வழி கிடைக்கும்.

வகுப்புக்காக நானே எழுதிய கவிதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எழுதியவன் என்பதற்காக என் விளக்கத்தைச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்று மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சான்று தாளில் இருக்கும் சொல் மட்டுமே.

விடுப்பு

கொருக்குப்பேட்டையில் இரவு ஒரு மணிக்கு
கூட்ஸ் வண்டி பெட்டி கோக்கிறது.
நான் கட்டிலுக்கு அடியில் இருக்கிறேன்.

அம்மா விளக்கைப் போடவில்லை.
"தண்ணி வேணுமாடா?" என்று
இருட்டைப் பார்த்துக் கேட்கிறாள்.

அங்கே பனி இருந்தது. சுவர் இருந்தது.
சுவருக்கு அப்பால் ஓர் இருமல் இருந்தது.
இருமலை நோக்கி உத்தரவு வந்தது.
விரல் மடங்கியது.
இருமல் நின்றது.

விடிந்ததும் போய்ப் பார்த்தோம்.
மூடி திருகிய மருந்துப் புட்டி.
பாதி இருந்தது.

வண்டி போய்விட்டது.
அடுத்த அறையில், சுவருக்கு அப்பால்,
அம்மா இருமுகிறாள்.
நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

முதற்படி: எழுதுகோலைத் தொடாமல் படித்தல்

கவிதையை இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். முதல் முறை பொருளுக்காக. இரண்டாம் முறை, உங்கள் குரல் எங்கே தானாக நிற்கிறது என்பதைக் கவனிப்பதற்காக. நின்ற இடங்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கவிதையைப் படிப்பவர்கள் பெரும்பாலும் "இருமல் நின்றது" என்ற வரிக்குப் பின் நின்றுவிடுகிறார்கள். ஏன் என்பதற்கு இப்போதே விடை தேட வேண்டாம்.

இரண்டாம் படி: யார், யாரிடம், எங்கே, எப்போது

தொல்காப்பியத்தின் செய்யுளியல் முப்பத்து நான்கு செய்யுள் உறுப்புகளைச் சொல்கிறது. மாணவர்கள் அவற்றை மனப்பாடப் பகுதியாக மட்டும் கருதிவிடுகிறார்கள்; உண்மையில் அவை ஆராய்ச்சிக் கருவிகள். அவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம் ஆகிய நான்கையும் கேள்விகளாக மாற்றிக்கொள்ளுங்கள். பேசுபவர் யார்? கேட்பவர் யார்? இடம் எது? பொழுது எது?

பேசுபவர் விடுப்பில் வீட்டுக்கு வந்திருக்கும் படைவீரர். அவர் தம்மைப் படைவீரர் என்று எங்கும் சொல்லிக்கொள்வதில்லை என்பதையும், "விடுப்பு", "உத்தரவு" என்ற இரண்டு சொற்களைக் கொண்டுதான் நாம் அதை ஊகிக்கிறோம் என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். கேட்பவர் யாரும் இல்லை. அம்மா கேட்ட கேள்விக்கு அவர் விடை சொன்னதாகக்கூடக் கவிதையில் இல்லை. பொழுது இரவு ஒரு மணி. களனில்தான் ஒரு சமமின்மை இருக்கிறது. வீடு இருக்கும் ஊருக்குப் பெயர் உண்டு, மணிக் கணக்கும் உண்டு. போர் நடந்த இடமோ வெறும் "அங்கே" என்ற ஒற்றைச் சுட்டுச் சொல்லில் முடிந்துவிடுகிறது. எது பெயரோடு வருகிறது, எது பெயரின்றி வருகிறது என்பதை அட்டவணையாகப் பிரித்து எழுதினால் பின்னால் பெரிதும் உதவும்.

மூன்றாம் படி: வினைமுற்றுகளைப் பட்டியலிடுதல்

இந்தப் படிக்கு மற்றெல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள். ஒரு தாளை எடுத்து, அம்மாவின் பேச்சை விட்டுவிட்டு, மீதமுள்ள வினைமுற்றுகளை வரிசையாக எழுதுங்கள். பதினைந்து கிடைக்கும். அவற்றுள் ஒன்பது அஃறிணை ஒன்றன்பால்: கோக்கிறது, இருந்தது, வந்தது, மடங்கியது, நின்றது, போய்விட்டது போன்றவை. அம்மாவுக்கு உரியவை மூன்று. தன்மையில் வருபவை மூன்றே மூன்று: இருக்கிறேன், பார்த்தோம், எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது மூன்றாம் பத்தியை மட்டும் தனியே பாருங்கள். ஆறு வினைமுற்றுகள், ஆறும் அஃறிணை. ஒரு மனிதர் இன்னொரு மனிதரைக் கொன்ற நிகழ்ச்சியைச் சொல்லும் பத்தியில் மனிதருக்கு உரிய வினை ஒன்றுகூட இல்லை. உத்தரவு வந்தது, இட்டவர் இல்லை. விரல் மடங்கியது, மடக்கியவர் இல்லை. இருமல் நின்றது; நிறுத்தியவர் இல்லை.

"மடங்கியது" என்பதில் சற்று நின்று பாருங்கள். தமிழில் மடங்கு–மடக்கு, திருந்து–திருத்து, அடங்கு–அடக்கு என்று தன்வினையும் பிறவினையும் ஒரே வேரிலிருந்து, ஓரெழுத்தின் மென்மை வன்மையால் வேறுபட்டு நிற்கும் இணைகள் ஏராளம். "விரலை மடக்கினேன்" என்பதற்கும் "விரல் மடங்கியது" என்பதற்கும் இடையே ஒலியளவில் இருக்கும் தொலைவு மிகச் சிறிது. அந்தச் சிறிய தொலைவுக்குள்தான் பேசுபவர் தம்மை ஒளித்துக்கொள்கிறார். விடையில் "செய்வினைக்குப் பதில் செயப்பாட்டுவினை வந்துள்ளது" என்று எழுதிவிடாதீர்கள். இங்கே செயப்பாட்டுவினை இல்லை. தன்வினைதான் இருக்கிறது, அதன் விளைவும் வேறு. "சுடப்பட்டான்" என்றால் சுட்டவர் ஒருவர் இருக்கிறார் என்ற நினைவு எஞ்சியிருக்கும். "மடங்கியது" என்றால் இலை உதிர்வதுபோல அது தானே நடந்துவிட்டதாகத் தோன்றும்.

அடுத்த பத்தியில் "பார்த்தோம்" என்று பன்மை வருகிறது. செயலுக்கு ஆள் இல்லை, பார்ப்பதற்கு மட்டும் ஒரு கூட்டம் இருக்கிறது. பொறுப்பைப் பலருக்குப் பங்கிடும் பன்மை இது என்பது என் கருத்து. ஒரு மாணவி, தனியாகப் போய்ப் பார்க்கும் துணிவு அவருக்கு இருந்திருக்காது என்று சொன்னார். இரண்டையும் கவிதை தாங்கும்.

கடைசியாக, "இருமல்" என்ற பெயர்ச்சொல் இறுதிப் பத்தியில் "இருமுகிறாள்" என்று வினையாவதைக் கவனியுங்கள். அங்கே இருமியவருக்கு முகமோ பாலோ கிடையாது. இருமல் ஒன்று இருந்தது, நின்றது, அவ்வளவே. இங்கே ஆள் விகுதி சேர்கிறது, இருமுபவர் அம்மாவாகிறார். அம்மாவின் இருமலைக் கேட்ட பிறகுதான், சுவருக்கு அப்பால் அன்று இருமியதும் ஓர் ஆள் என்பது இலக்கண வடிவில் அவருக்கு வந்து சேர்கிறது. ஒரு விகுதியைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் வர முடியும் என்பதற்காகவே இந்தப் படியை நான் வலியுறுத்துகிறேன்.

நான்காம் படி: சொற்களின் பிறந்தகம்

ஒவ்வொரு முக்கியமான சொல்லும் எந்த வாழ்க்கையிலிருந்து வந்தது என்று கேளுங்கள். "கூட்ஸ் வண்டி", "தண்ணி வேணுமாடா" ஆகியவை கொருக்குப்பேட்டையின் பேச்சு. "விடுப்பு", "உத்தரவு" ஆகியவை அலுவலகத் தாளின் மொழி. இந்தத் தெருக்களில் யாரும் "விடுப்பில் வந்திருக்கிறான்" என்று சொல்வதில்லை, "லீவுல வந்திருக்கான்" என்றுதான் சொல்வார்கள். ஆகவே தலைப்பே வீட்டுப் பேச்சுக்கு வெளியே நிற்கிறது. அதோடு அதன் வேர் "விடு". பணியிலிருந்து விடுப்புக் கிடைத்தவருக்கு, நடந்ததிலிருந்து விடுதலை கிடைக்கவில்லை என்ற முரண் அந்த வேரிலேயே இருக்கிறது.

சொற்கள் போரைச் சுமந்து திரியும் என்பதை வடசென்னைக்காரர்களுக்கு விளக்குவது எளிது. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை ஒட்டியிருந்த எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்தது. கப்பல் அதே ஆண்டில் அழிந்தது; ஆனால் "அவன் சரியான எம்டன்" என்ற வழக்கு இன்னமும் பெரியவர்கள் பேச்சில் இருக்கிறது. அச்சமாக வந்த பெயர், கெட்டிக்காரரைக் குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டது. ஒரு கவிதையில் இத்தகைய சொல் வந்தால் அதன் வரலாற்றை இரண்டு வரியில் சொல்லலாம்; அதற்கு மேல் சொன்னால் விடை கவிதையை விட்டு விலகிவிடும்.

ஐந்தாம் படி: கட்டமைப்பு

கட்டமைப்பு என்றால் "ஐந்து பத்திகள், பதினெட்டு அடிகள் உள்ளன" என்று எண்ணிச் சொல்வதல்ல. ஓரிடத்தில் அமைப்பு மாறும்போது பொருளும் மாறுகிறதா என்று பார்ப்பதே கட்டமைப்பு ஆராய்ச்சி.

முதலில் காலம். முதல் இரண்டு பத்திகள் நிகழ்காலத்தில் நடக்கின்றன. மூன்றும் நான்கும் இறந்தகாலம். ஐந்தில் வண்டி இறந்தகாலத்துக்குப் போய்விடுகிறது, அம்மாவும் மகனும் நிகழ்காலத்தில் எஞ்சுகிறார்கள். நினைவுக்குள் நுழையும் இடத்தில் "எனக்கு நினைவு வந்தது" என்பது போன்ற வாயிற்படி எதுவும் இல்லை. பத்தி இடைவெளி ஒன்றுதான் இருக்கிறது. தாமாக விரும்பி நினைத்துப் பார்ப்பவருக்கு வாயிற்படி தேவைப்படும். இவருக்கு நினைவு கேளாமலே வருகிறது.

அடுத்து அடிகளின் நீளம். மூன்றாம் பத்தியில் சொற்களை எண்ணினால் ஐந்து, ஐந்து, நான்கு, இரண்டு, இரண்டு என்று வருகிறது. சுடும் கணத்தை நெருங்க நெருங்க அடி சுருங்குகிறது. குரல் தானாக நின்ற இடம் பற்றி முதற்படியில் ஒதுக்கி வைத்த கேள்விக்கு ஒரு விடை இதில் இருக்கிறது.

அதே பத்தியில், ஓரடி முடிகிற இடத்தில் வந்த சொல் அடுத்த அடியின் தொடக்கமாகிறது: சுவர் இருந்தது – சுவருக்கு அப்பால், இருமல் இருந்தது – இருமலை நோக்கி. அந்தாதியின் சாயல் இது. இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, சரக்கு யார்டுக்கு அருகில் வளர்ந்த ஒரு மாணவர், பெட்டி கோக்கும் ஓசை ஒரே இடத்தில் கேட்பதில்லை என்றும், இடிபட்ட பெட்டி அடுத்ததை இடிக்க, அது அதற்கடுத்ததை இடிக்க, ஓசை வண்டியின் கடைசி வரை ஓடும் என்றும் சொன்னார். அடிகளும் அப்படியே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகின்றன என்று அவரே காட்டினார். எழுதும்போது எனக்கு இது தோன்றவில்லை. ஆனாலும் தாளில் சான்று இருப்பதால் அந்த வாசிப்பு செல்லும். எழுதியவர் நினைத்தாரா என்பது தேவையற்ற கேள்வி.

மோனை எதுகையையும் பார்த்துவிடுங்கள், ஆனால் பட்டியல் போடாதீர்கள். இரவு, இருக்கிறேன், இருட்டை, இருந்தது, இருமல் என்று "இ" தொடர்ந்து வருவது, வீட்டின் இருட்டையும் அங்கே கேட்ட இருமலையும் ஒரே ஒலியில் கட்டுகிறது என்று ஒரு வாக்கியம் எழுதினால் போதும்.

ஆறாம் படி: சொல்லாமல் விட்டவை

இரண்டாம் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் இடையே என்ன நடந்தது? பெட்டி கோத்த ஓசை சொல்லப்படவில்லை. அவர் கட்டிலிலிருந்து கீழே பாய்ந்ததும் சொல்லப்படவில்லை. ஓசையின் காரணமும் பாய்ச்சலின் விளைவும் மட்டுமே இருக்கின்றன. நடுவில் உடல் முந்திக்கொண்டது, மனம் பின்னால்தான் வந்து சேர்ந்தது. செய்யுளியல் "எச்சம்" என்று ஓர் உறுப்பைச் சொல்வது இத்தகைய இடங்களுக்காகவே.

அம்மா விளக்கைப் போடவில்லை என்பதும் அப்படித்தான். மகன் கட்டிலுக்கு அடியில் கிடக்கும்போது எந்தத் தாயும் விளக்கைப் போடவே முயல்வாள். இவள் போடாததிலிருந்து, இது முதல் இரவு அல்ல என்றும், வெளிச்சத்தில் தன் முகத்தைக் காட்ட மகன் கூசுவான் என்று அவளுக்குத் தெரியும் என்றும் ஊகிக்கலாம். ஊகத்தை ஊகமாகவே எழுதுங்கள். "எனலாம்", "கொள்ள இடமுண்டு" போன்ற முடிவுகள் அதற்காகவே இருக்கின்றன.

மூடி திருகியிருந்தது என்ற விவரத்தையும் விட்டுவிடாதீர்கள். மறுபடி குடிக்கலாம் என்று எண்ணியவரே மூடியைத் திருகி வைப்பார். ஒரு நாளையும் எதிர்பார்ப்பையும் அந்தப் பெயரெச்சம் சுமக்கிறது.

கவிதையில் வெளிப்படும் உணர்வான மெய்ப்பாட்டைக் குறிக்கும்போது "அவலச் சுவை" என்று ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். தொல்காப்பியம் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கு நிலைக்களன்களைப் பிரிக்கிறது. இந்தக் கவிதையில் பேசுபவர் இழந்தது தமக்கு உரியவரை அல்ல. எனவே இழவு என்பது எளிதில் பொருந்தாது. தம்மைத் தாமே தாழ்வாக உணரும் இளிவுதான் நெருக்கமாக இருக்கிறது. வேறு விதமாகக் கருதுபவர் வேறு சான்று காட்டட்டும்.

ஏழாம் படி: பழைய பாடல் ஒன்றின் அருகில் வைத்துப் பார்த்தல்

ஒப்பீடு கேட்கப்பட்டால், புறநானூற்றின் 279ஆம் பாடலை நான் எடுப்பேன். ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. வாகைத் திணை (வெற்றியைப் பாடுவது), மூதின்முல்லைத் துறை (மறக்குடிப் பெண்களின் வீரத்தைப் பாடுவது). அங்கே படைவீரர்களைப் பற்றிப் பேசுபவர் வேறொருவர்:

மேல்நாள் உற்ற செருவிற்கு இவள் தன்னை
யானை எறிந்து களத்து ஒழிந்தனனே;
நெருநல் உற்ற செருவிற்கு இவள் கொழுநன்
பெருநிரை விலக்கி ஆண்டுப் பட்டனனே

மேல்நாள் (முன்பொரு நாள்), நெருநல் (நேற்று), பிறகு "இன்றும்" என்று காலம் மூன்று படிகளாக வீட்டை நெருங்கி வருகிறது. தமையனும் (தந்தை என்று கொள்வாரும் உண்டு) கணவனும் இறந்ததைச் சொல்லும் வினைகளில் "அன்" என்ற ஆண்பால் அடையாளம் தெளிவாக நிற்கிறது. இறந்தவரும் செய்தவரும் மறைக்கப்படவில்லை. இன்றைய செய்திக்கு வந்ததும் கேட்டு, விருப்புற்று, மயங்கி, கொடுத்து, விரித்து, உடீஇ, நீவி என்று ஏழு வினையெச்சங்கள் அடுக்கி வருகின்றன. பாடலில் வரும் தாய் வேற்படையைக் கையில் கொடுக்கிறாள், வெள்ளாடை உடுத்துகிறாள், தலைக்கு எண்ணெய் தடவுகிறாள். யாருக்கு என்று நமக்குத் தெரிவதில்லை. "ஒரு மகன் அல்லது இல்லோள்" என்ற அடியில்தான் தெரிகிறது. பாடலின் கடைசிச் சொல்லாக "விடுமே" (அந்த மகனைப் போருக்கு அனுப்புகிறாள்) என்ற முற்று வந்து விழுகிறது.

இரண்டிலும் வினைமுற்றே கட்டமைப்பைத் தாங்குகிறது. பழைய பாடல் முற்றைத் தள்ளிப்போட்டு வியப்பையும் திகைப்பையும் சேர்க்கிறது. "கடிது இவள் துணிவே" (இவள் துணிவு கடுமையானது) என்று தொடக்கத்தில் கூறியதன் காரணம் அங்கேதான் முழுமையாகத் தெரிகிறது. புதிய கவிதை முற்றுகளை உடனுக்குடன் தந்துவிட்டு, அவற்றுக்கு உரியவரை மறைக்கிறது. ஒப்பீட்டு விடைக்கு இந்த ஒரு வேறுபாடு போதும். சங்க காலத்தில் போரைப் புகழ்ந்தார்கள், இன்று வெறுக்கிறார்கள் என்ற பொதுக்கூற்றை அதன்மேல் ஏற்ற வேண்டாம்.

எட்டாம் படி: பத்தியாக எழுதுதல்

கருத்து ஒன்று, சான்றுச் சொல் ஒன்று, அந்தச் சொல் எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கம், அது கவிதையின் மற்றோர் இடத்தோடு எப்படிச் சேர்கிறது என்ற தொடர்ச்சி: இந்த அளவில் ஒரு பத்தி நின்றால் போதும். என் மாணவர் ஒருவர் எழுதிய பத்தியைச் சற்றுத் திருத்தித் தருகிறேன்.

"சுட்ட செயலைச் சொல்லும் இடத்தில் பேசுபவர் தன்மை வினைமுற்றைத் தவிர்க்கிறார். 'விரல் மடங்கியது' என்ற தன்வினை, விரலை அவரிடமிருந்து பிரித்துத் தனியே இயங்கும் பொருளாக்குகிறது. முன்வந்த 'உத்தரவு வந்தது' என்பதும் அஃறிணை வினையாகவே இருப்பதால், உத்தரவுக்கும் விரலுக்கும் இடையே மனிதர் யாரும் இல்லாததுபோல் தோன்றுகிறது. ஆனால் கட்டிலுக்கு அடியில் 'இருக்கிறேன்' என்று சொல்லும்போது அந்த உடல் முழுவதும் அவருடையதாகிவிடுகிறது. செய்தபோது இல்லாத 'நான்', அஞ்சும்போது இருக்கிறது."

இந்தப் பத்தியில் எந்த அணியின் பெயரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பெயர் தெரிந்தால் சொல்லலாம். பெயரைச் சொன்னதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் தவறு. "எளிய சொற்களைக் கையாண்டுள்ளார்" என்று எழுதத் தோன்றும்போதெல்லாம், எந்தச் சொல், அது எளிமையாக இருப்பதால் என்ன நேர்கிறது என்று உங்களையே கேட்டு, விடை கிடைத்தால் மட்டும் எழுதுங்கள்.

கடைசி அடியை விடையின் இறுதியில் வைத்துக்கொள்வது நல்லது. "எண்ணிக்கொண்டிருக்கிறேன்" என்பதற்குச் செயப்படுபொருள் கொடுக்கப்படவில்லை. எண்ணுதல் என்பது தமிழில் கணக்கிடுதலும் ஆகும், நினைத்தலும் ஆகும். அம்மாவின் இருமல்களை ஒன்று, இரண்டு என்று அவர் கணக்கிடுகிறாரா? அப்படியானால் அடுத்த இருமல் வர வேண்டுமே என்ற அச்சம் அதில் இருக்கிறது, ஏனெனில் ஒருமுறை நின்ற இருமலை அவர் கேட்டிருக்கிறார். அல்லது அங்கே நடந்ததை நினைத்துக்கொண்டிருக்கிறாரா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை நீக்கிவிடாமல், இரண்டு பொருளையும் எழுதி, "கொண்டிருக்கிறேன்" என்ற தொடர்வினை அந்தச் செயலை முடியவிடாமல் வைத்திருப்பதையும் குறிப்பிட்டு, அங்கேயே விடையை நிறுத்துங்கள்.